காத்தா ஆயிற்றா?

நம்மூர்க்காரர்கள் இரண்டு பேர் ஓசூர் சாலையில் எங்காவது சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி "ஊருக்குப் போய் வந்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். பெண்ணுக்கு வரன் அமைந்ததா, பையன் என்ன படிக்கிறான் என்பவை ஒரு காலத்தில் அடுத்த கேள்விகள். இப்போது அந்த இடத்தை "காத்தா ஆயிற்றா?" என்ற கேள்வி பிடித்துக்கொண்டுவிட்டது. பொம்மசந்திராவிலும் அதைச் சுற்றியுள்ள ஹெப்பகோடி, சந்தாபுரா, ஜிகணிப் பக்கங்களிலும் இருபது முப்பது வருஷமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். லைன் வீட்டில் வாடகைக்கு இருந்து, சீட்டுக் கட்டி, நகையை வைத்து, இருபதுக்கு முப்பதோ முப்பதுக்கு நாற்பதோ ஒரு மனை வாங்கிப் போட்டவர்கள் நம்மில் ஏராளம். அந்த மனை நம்முடையதுதான் என்று ஊரறியும், உறவறியும். புரசபையின் கம்ப்யூட்டர் அறிகிறதா என்பதுதான் இப்போதைய கவலை.

அண்மையில் இங்கே குடிவந்த அன்பர்களுக்காக ஒரு விளக்கம். நம் பக்கத்துப் பட்டாவும் இங்குள்ள காத்தாவும் ஒன்றல்ல. பட்டா என்பது வருவாய்த் துறையின் நில ஆவணம். காத்தா என்பது உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்கும் கணக்கு. இந்தச் சொத்துக்கு வரி கட்ட வேண்டியவர் இன்னார் என்று எழுதிவைத்த பேரேடு. சட்டப்படி பார்த்தால் காத்தா உரிமைப் பத்திரமே ஆகாது. ஆனால் காத்தா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, கட்டட அனுமதி இல்லை. 2024 அக்டோபரிலிருந்து கர்நாடகத்தில் சொத்தை விற்பதற்கோ வாங்குவதற்கோ பத்திரப் பதிவு செய்ய வேண்டுமென்றால் மின்வடிவக் காத்தா, அதாவது இ-காத்தா, கட்டாயம் என்று ஆகிவிட்டது. இரும்புப் பெட்டியில் பத்திரத்தைப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களெல்லாம் ஒரே நாளில் புரசபை வாசலில் வரிசையில் நிற்க நேர்ந்தது இப்படித்தான்.

அந்த வரிசையில் அண்டை வீட்டாருக்குத் துணையாக நானும் சில தடவை நின்றிருக்கிறேன். நிற்கும்போது ஒரு கேள்வி மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நாலைந்து எழுத்தர்களும் ஒரு முக்கிய அதிகாரியும் சில வரி வசூலிப்பாளர்களும் மட்டுமே உள்ள இப்படிப்பட்ட சின்ன ஊராட்சி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டரும் மென்பொருளும் எப்படி வந்து சேர்ந்தன? யார் எழுதிக் கொடுத்தார்கள்? விசாரித்துப் பார்த்ததில், அந்தக் கதையின் தொடக்கம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது.

1999இல் எஸ்.எம். கிருஷ்ணா கர்நாடக முதல்வரானார். பெங்களூர் நகரின் நிர்வாகத்தைச் சீர்படுத்த 'பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்' என்ற குழுவை அவர் அமைத்தார். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி அதன் தலைவர். 2000இல் பெங்களூர் மாநகராட்சியில் சுயமதிப்பீட்டு வரித்திட்டம் வந்தது. அதற்கு முன்பு வீட்டு வரி எவ்வளவு என்பது பார்க்க வந்த அதிகாரியின் கண்ணையும், சில சமயம் அவருடைய கையையும் பொறுத்தது. புதிய திட்டத்தில் வீடு எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா, எத்தனை வருஷத்துக் கட்டடம் என்று அட்டவணையைப் பார்த்து வீட்டுக்காரரே கணக்குப் போட்டுக் கட்டலாம். நாலு பேர் பார்க்கும்படி விதியை எழுதி வைத்தால் கட்டுகிறவர் கட்டுவார் என்ற எண்ணம் அதில் பலித்தது.

அங்கிருந்து அடுத்த அடி 2003இல். நிலேகனியும், அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் பணியாற்றித் திரும்பிய ஸ்ரீகாந்த் நாதமுனியும் சேர்ந்து 'இ-கவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன்' என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தைப் பெங்களூரில் தொடங்கினார்கள். நாதமுனி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சிதறிக் கிடந்த நாலாயிரம் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் நினைவுக்கு வருவார். இந்த நாதமுனிக்கு வாய்த்தது நகராட்சிகளின் வரிப் பேரேடுகள். பாசுரங்களைத் தொகுத்ததைவிட இது எளிது என்று சொல்லிவிட முடியாது. கரையான் அரித்த பேரேட்டைத் தொகுப்பவருக்கு ஆழ்வார் கனவில் வந்து உதவப் போவதில்லை.

நிறுவனத்தின் அடிப்படை யோசனை எளிமையானது. ஒரு பெருநகர மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவழித்துத் தனக்கென்று மென்பொருள் எழுதச் சொல்லலாம். நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு புரசபைக்கு அது முடியாது. ஆனால் வேலை என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புப் பதிவு, கடை உரிமம், குப்பை அள்ளவில்லை என்ற புகார். ஒரே மாநிலத்தின் சிறு நகராட்சிகளெல்லாம் பெரும்பாலும் ஒரே சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அப்படியானால் மென்பொருளை ஒரு தடவை ஒழுங்காக எழுதி எல்லா ஊருக்கும் கொடுத்தால் என்ன? கல்யாணச் சமையலுக்கு வாங்கிய அண்டாவை ஊரே மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுபோல.

கர்நாடக அரசின் 'நிர்மல நகர' திட்டத்தில் இந்த யோசனை களத்துக்கு வந்தது. 57 ஊர்களில் முதலில் நடந்தது. இந்த மாதிரித் திட்டங்களில் கம்ப்யூட்டர் வாங்குவது சின்ன வேலை. தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து, வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் பெரிய வேலை. அப்போதுதான் பேரேட்டில் இல்லாத வீடுகள் தெருவில் நிற்பதும், தெருவில் இல்லாத வீடுகள் பேரேட்டில் இருப்பதும் வெளியே வரும். இடித்துப் பத்து வருஷமான ஓட்டு வீட்டின் பெயரில் வரி பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் ஒரு பைசா கட்டியிருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி அதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

சொத்துக்கு 'ஆஸ்தி', குடிநீருக்கு 'ஜலநிதி', கடை உரிமத்துக்கு 'வியாபார்', புகார்களுக்கு 'ஜனஹித' என்று கர்நாடகத்து நகராட்சி மென்பொருள்களுக்கு அழகான பெயர்கள் வைத்தார்கள். நகராட்சி நிர்வாக இயக்ககத்தின் கீழ் இதற்கென்றே ஒரு சீர்திருத்தப் பிரிவு இருந்தது. இன்று நாம் இ-காத்தாவுக்கு விண்ணப்பிக்கும் 'இ-ஆஸ்தி' அரசின் மென்பொருள். இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து நல்லதைச் செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் வரிச் சட்டம் வருஷா வருஷம் மாறும். தள்ளுபடி மாறும், வட்டி மாறும், புதிய வார்டு முளைக்கும். ஏப்ரல் முதல் தேதி காலையில் அந்த மாற்றங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள அரசுக்குள்ளேயே ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மென்பொருளும் மூன்றாம் வருஷம் தூசி படிந்த பெட்டியாகிவிடும்.

நிலேகனி 2009இல் ஆதார் ஆணையத்தின் தலைவராகப் போனார். நாதமுனியும் அங்கே தொழில்நுட்பப் பொறுப்பேற்றார். அறக்கட்டளை தொடர்ந்தது. சென்னை மாநகராட்சி இவர்களுடைய மென்பொருளைப் பயன்படுத்தியது. 2010களின் நடுவில் ஆந்திரத்தின் 110 நகராட்சிகளில் ஒரே சமயத்தில் நுழைந்தார்கள். பிறகு பஞ்சாப். ஊர் ஊராகப் போவதற்குப் பதில் மாநிலம் மாநிலமாகப் போவது என்று தங்கள் வழியை மாற்றிக்கொண்டது இந்தக் காலத்தில்தான். அதன் பின் 'டிஜிட்' என்ற பெயரில் மென்பொருளின் மூல நிரலையே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய நகர்ப்புற டிஜிட்டல் திட்டத்தின் 'உப்யோக்' என்ற தளம் இந்த டிஜிட்டின் மேல் கட்டப்பட்டதே.

இத்தனையும் பெங்களூரில் பிறந்து ஊரெல்லாம் போனது, சரி. பொம்மசந்திராவுக்கு என்ன கிடைத்தது?

நிர்மல நகர திட்டம் ஓடிய நாட்களில் பொம்மசந்திரா நகராட்சியே அல்ல, கிராமப் பஞ்சாயத்து. இதுதான் வேடிக்கை. ஓசூர் சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்பேட்டை, பயோகானின் ஆலை, 2001இலிருந்து நாராயண ஹிருதயாலயா மருத்துவமனை, ஷிப்டுக்கு ஷிப்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். ஆனால் நிர்வாகம் செய்வது ஒரு கிராமப் பஞ்சாயத்து. கர்நாடகத்தில் ஏறத்தாழ 6,000 கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அவற்றின் கணக்குக்குப் 'பஞ்சதந்திர' என்று ஒரு மென்பொருள், சொத்துக்கு 'இ-ஸ்வத்து' என்று இன்னொன்று. 2016இல் பஞ்சாயத்து அலுவலகங்களில் 'பாபுஜி சேவா கேந்திரா' மையங்களும் வந்தன. இ-ஸ்வத்துவில் ஒழுங்கான மனைக்குப் படிவம் 9, படிவம் 11; விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் மனையாக வெட்டி விற்றதற்குப் படிவம் 11பி. நம்மவர்கள் வாங்கிய மனைகளில் எத்தனை இந்த இரண்டாம் வகை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'ரெவின்யூ சைட்' என்று செல்லமாகச் சொல்லுவோம். விலை மலிவு, அதனால்தான் வாங்க முடிந்தது.

பிறகு பொம்மசந்திரா புரசபையானது. கிராமம் நகரமானால் துறையே மாறுகிறது: ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து நகராட்சி நிர்வாகத்துக்கு. சட்டம் வேறு, படிவம் வேறு, மென்பொருளும் வேறு. பஞ்சாயத்து எழுதிய பேரேட்டைப் புரசபையின் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். பஞ்சாயத்துக் காலத்துக் காத்தா எண்ணை வைத்திருப்பவர், புரசபை எண் கிடைக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற விருந்தாளிபோல் நிற்க வேண்டியதுதான். 2025இல் சட்டத்தைத் திருத்தி, முறைப்படுத்தாத மனைகளுக்கும் நகராட்சிகளில் பி-காத்தா கொடுக்க அரசு வழிசெய்தது. நம்மவர் பலருக்கு இது பெரிய ஆறுதல். பி-காத்தாவை ஏ-காத்தா என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு, வரி கட்டுகிறவர் என்று பெயராவது பதிவாகிறதே.

பெயர் என்றேன் அல்லவா? நம் குடும்பங்களுக்கு உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரர் ஒருவரோடு இந்தத் தாலுகாவின் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர் பெயரைப் பழனி என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் மாரியப்பன். ஊரில் அவர் மா. பழனி. பத்திரத்தில் ஆங்கிலத்தில் எம். பழனி. ஆதாரில் பழனி மாரியப்பன். வாக்காளர் அட்டையில் வெறும் பழனி. கவுன்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்: "எம் அந்த்ரெ ஊரா, அப்பாவா?" நண்பருக்குக் கேள்வியே புரியவில்லை. "அப்பா பேருதான் தம்பி. ஊரு எதுக்கு முன்னாடி வரும்?" என்றார்.

அந்த இளைஞர் கேட்டதில் நியாயம் இருந்தது. கன்னடக்காரர்களுக்கும் நம்மைப்போல் முன்னெழுத்து உண்டு. ஆனால் அவர்களில் பலருக்கு முதல் எழுத்து ஊர்ப் பெயர், அடுத்தது அப்பா பெயர். மேலே சொன்ன எஸ்.எம். கிருஷ்ணாவே சோமனஹள்ளி மல்லையா கிருஷ்ணா. எச்.டி. தேவே கௌடா, ஹரதனஹள்ளி தொட்டே கௌடாவின் மகன். வடக்கே போனால் முன்னெழுத்தே கிடையாது. குடும்பப் பெயர் கடைசியில் வரும். கம்ப்யூட்டர் படிவங்களில் பெரும்பாலும் அந்த வழக்கப்படி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. நமக்கோ கடைசிப் பெயரே இல்லை. அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டால், 'மிஸ்டர் மாரியப்பன்' என்று மகனைக் கூப்பிடுவார்கள். ஒரு தலைமுறையில் அது பழகிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், பத்திரத்துப் பெயரும் ஆதார்ப் பெயரும் பொருந்த வேண்டும் என்று கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும்போது, ஒரு முன்னெழுத்து வீட்டையே கேள்விக்குறியாக்கிவிடுகிறது.

அடுத்தது எழுத்து. புரசபையின் பதிவு கன்னடத்தில். நம்முடைய ஒரு 'க'வுக்கு அவர்களிடம் நான்கு எழுத்து. நாம் 'கந்தன்' என்றும் 'கணேசன்' என்றும் ஒரே எழுத்தில் தொடங்கி எழுதிவிட்டு வாயால் வித்தியாசம் காட்டுவோம். அவர்கள் எழுத்திலேயே காட்டியாக வேண்டும். ஆங்கிலப் பெயரைப் பார்த்துக் கன்னடத்தில் ஏற்றும்போது 'தங்கவேல்' என்பதன் 'த' எந்தத் 'த' என்று எழுத்தர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'செல்வி' சிலருக்கு 'ஷெல்வி'யாகிறாள். 'ழ' இருக்கிறதே, அது பழங்கன்னடத்தில் இருந்து வழக்கொழிந்துபோன எழுத்து. ஆகவே பழனி கன்னடத்தில் 'பளனி'. அதிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பினால் எப்படி வரும் என்பது அன்றைய தட்டச்சரின் காதைப் பொறுத்தது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. இரண்டு அக்காள் தங்கை மொழிகளுக்கு நடுவில், இரண்டையும் அறியாத ஆங்கிலம் தரகு வேலை பார்க்கிறது.

மூன்று தடவை போய்வந்த பிறகு அந்த நண்பருக்கு வேலை முடிந்தது. அவர் செய்தது இதுதான்: பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, கீழே அப்பா பெயரை முழுசாக எழுதி, மூன்று அடையாள அட்டைகளின் நகலோடு, "இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்" என்ற நோட்டரி உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுத்தார். கன்னட எழுத்துக்கூட்டை எழுதிக் கொடுத்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தி. அந்தத் தாளைக் கவுன்டர் இளைஞர் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு அப்படியே அடித்தார். "எல்லாரும் இப்படிக் கொடுத்தா எங்களுக்கும் நல்லது சார்" என்றார் தமிழிலேயே. ஆனேக்கல் தாலுகாவில் தமிழ் தெரியாத எழுத்தரைக் கண்டுபிடிப்பதும் கொஞ்சம் சிரமம்தான்.

பிறப்புச் சான்றிதழ் விஷயம் இதைவிட அவசரமானது, இளம் தம்பதிகள் கவனிக்க வேண்டியது. பிறப்பு எந்த இடத்தில் நடக்கிறதோ அந்த இடத்தில்தான் பதிவு. நம் வழக்கப்படி தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். குழந்தை கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலையிலோ பிறக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவாகிறது. இரண்டாவது குழந்தை இங்கேயே பிறந்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதிவாகிறது. ஒரே வீட்டு அண்ணனுக்கு முன்னெழுத்து முன்னால், தங்கைக்கு அப்பா பெயர் பின்னால். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பிறகும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிப்பது இந்த ஒரு சான்றிதழ்தான். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டும். பெயர் வைக்காமலே பதிவு செய்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதத்துக்குள் சேர்த்தால் அதற்கும் கட்டணம் இல்லை. பெயர் சூட்டு விழாவுக்கு மாமனார் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பதில் தவறில்லை. பதிவைக் காக்கவைக்க வேண்டாம். பிழை இருந்தால் 1969ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவு திருத்தத்துக்கு இடம் தருகிறது. குழந்தை பள்ளிக்கூடம் போகும் முன்பே திருத்திக்கொள்வது மலிவு.

இங்கே ஒரு கேள்வி வரும். நிறுவனங்கள் இத்தனை பாடுபட்டும் இத்தனை மென்பொருள் வந்தும், அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் பிரவுசிங் சென்டர்காரருக்கும் புரோக்கருக்கும் ஏன் இன்னும் கூட்டம்? என் பதில், கம்ப்யூட்டர் கவுன்டரை ஒழித்துவிடவில்லை. கவுன்டரை வெளியே தள்ளியிருக்கிறது. முன்பு எழுத்தர் எழுதினார். இப்போது நாமே எழுத வேண்டும், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். தெரியாதவர் தெரிந்தவருக்குக் காசு கொடுக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு புரோக்கர் "பெரிய பேரேட்டில் உங்கள் பெயரே இல்லை" என்று சொன்னால் சரிபார்க்க வழியில்லை. இப்போது சொத்து எண்ணைத் தட்டினால் வரி பாக்கி எவ்வளவு, யார் பெயரில் என்று நம் வீட்டுப் பிள்ளையே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுகிறான். தரகர் சொல்வதைச் சரிபார்க்க முடிவதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

கர்நாடகத்தில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. நம்மவர் அதிகம் கையில் எடுப்பதில்லை. 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள 'சகால' சட்டம். அதில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை நாள் என்று கெடு உண்டு. விண்ணப்பம் கொடுத்ததும் ஓர் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். ஐந்நூறு ரூபாயில் யாரும் பணக்காரராகப் போவதில்லை. ஆனால் அந்த எண் கையில் இருந்தால் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லுகிறவர் சற்று யோசித்துச் சொல்லுவார். விண்ணப்பித்தேன் என்று வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அந்தச் சீட்டு மேல்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலவசம் என்றதும் நமக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். பெங்களூர் அறக்கட்டளை நன்கொடையில் நடப்பது. கொடுக்கிறவர் மனம் மாறாதவரை நடக்கும். லண்டனில் உள்ள நம் உறவினர்களுக்கு 'ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்' தெரிந்திருக்கும். தெருவில் பள்ளம், எரியாத விளக்கு என்று புகார் எழுதினால் அது உரிய கவுன்சிலுக்குப் போய்ச் சேரும். 'மை சொசைட்டி' என்ற தொண்டு அமைப்பு 2007இல் தொடங்கியது அது. பிற்பாடு அதே அமைப்பு 'சொசைட்டி ஒர்க்ஸ்' என்ற துணை நிறுவனத்தை ஏற்படுத்தி, கவுன்சில்களுக்குச் சேவையை விலைக்குக் கொடுக்கிறது. வருகிற லாபம் தாய் அமைப்பின் தொண்டுக்குப் போகிறது. கவுன்சில் காசு கொடுத்து வாங்குவதால் "ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்கும் உரிமையும் அதற்கு இருக்கிறது. நம் நாட்டின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகளிலும் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளிலும் அப்படிக் காசு கொடுத்து வாங்கக்கூடியவை எத்தனை? ஆகவே இங்கே நன்கொடையும் அரசும் சேர்ந்துதான் தேரை இழுத்தாக வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் ஒரே ஒரு மனக்குறை. வரைபடம் வரைகிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் மாநில அதிகாரிகளைக் கேட்கிறார்கள். கவுன்டரில் நிற்கும் வேற்றுமொழிக் குடும்பத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் முன்னெழுத்துக்கு ஒரு கட்டம் என்றைக்கோ வந்திருக்கும்.

2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள், கடைசி நிலையம் நம்முடையது. மனை விலை எப்படி ஏறியிருக்கிறது என்று தரகர்களைக் கேளுங்கள். விற்கிறோமோ இல்லையோ, இந்த நேரத்தில் காத்தா யார் பெயரில், எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பெரியவர் காலமாகி, வாரிசுகள் மூன்று ஊர்களில் இருக்கும் வீடுகள் முதலில் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அந்த மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்துக் கன்னட மீடியம் பிள்ளைகள் நாலு பேரை ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், கடைசியாக வரி கட்டிய ரசீது, ஆதார், வீட்டின் புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். ரசீதில் பஞ்சாயத்து எண்தான் இருக்கிறது என்றாலும் கொண்டு வாருங்கள். பெயரை மூன்று மொழியிலும் எழுதிய தாளைப் பிள்ளைகள் அங்கேயே தயாரித்துக் கொடுப்பார்கள்.